நடு ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடம்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவரைப் பற்றிய மதிப்புரையாகப் பிறந்தது.

போடியில் ஜீப் ஓட்டும் கார்முகில் ஆன்லைனில் ஒரு ரிசீவர் வாங்கினார். இருப்பதிலேயே விலை குறைந்த ரகம். அதைப் பற்றி நாலு வரி எழுதிப் போடச் சொன்னார். "நீதான் அப்பு எந்நேரமும் புத்தகமும் கையுமா இருக்க. படிக்கிறவன் கண்ணுல தண்ணி வரணும், பாத்துக்க."

ரிசீவரைப் பற்றிப் படித்துவிட்டு எவன் அழுவான் என்று நான் கேட்கவில்லை. எழுதி அனுப்பினேன். தளம் திருப்பிவிட்டது. 'பொருளைப் பற்றி மட்டும் எழுதவும். குடும்ப விவரங்கள் வேண்டாம்.'

குடும்ப விவரங்களை எடுத்துவிட்டால் அதில் மிஞ்சுவது ஒரு கறுப்புத் தகரப் பெட்டி. ஆகவே கதை எழுத வந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'அந்த வருடம் முழங்கால் அளவுக்குப் பனி பெய்திருந்தது. கார்முகில் தன் கனத்த மேலங்கியை'

(நிறுத்திவிட்டேன். நான் படிப்பது முக்காலும் மொழிபெயர்ப்பு நாவல்கள். அவற்றில் யார் கதவைத் தட்டினாலும் வெளியே பனி பெய்துகொண்டிருக்கும். போடியில் அந்த வசதி இல்லை. கார்முகிலுக்கு மேலங்கியும் இல்லை. மலைக்குப் போகும்போது ஒரு குரங்குக் குல்லா.)

இரண்டாவது தொடக்கம்: 'எல்லா ரிசீவர்களும் ஒரே மாதிரி இரைகின்றன, ஆனால்'

(இதை எங்கோ படித்த மாதிரி இருக்கிறது. வேண்டாம்.)

மூன்றாவது: கார்முகிலின் மாமனார் அவனை ஒரு தடவைகூட "வாங்க" என்று சொன்னதில்லை.

இது நிற்கும். இதிலிருந்தே போகலாம். (நேரில் எனக்கு அவர் அண்ணன். கதைக்குள் 'அவன்' என்றுதான் எழுத வருகிறது. படித்தால் கோபித்துக்கொள்ள மாட்டார், படிக்கவும் மாட்டார்.)

3

மாமனார் முத்துப்பாண்டி ராசிங்காபுரத்துக்காரர். போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் தரம் பார்க்கிறவர். சாம்பிளைத் தட்டில் கொட்டி, விரலால் ஒரு தள்ளு தள்ளினால் போதும், எத்தனை மில்லிமீட்டர் காய் என்று சொல்லிவிடுவார். எட்டு எம்.எம். என்றால் ராஜ மரியாதை. ஏழு, பரவாயில்லை. அதற்குக் கீழே என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சிக்கல் என்னவென்றால், கடையை விட்டு வந்த பிறகும் அவர் தரம் பார்ப்பதை நிறுத்துவதில்லை. கத்தரிக்காய், கல்யாணப் பத்திரிகை, எதிர்வீட்டுக்காரர் வாங்கிய பைக், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு எம்.எம். உண்டு. பெண் கேட்டு வந்த கார்முகிலையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம், "ஏழு தேறும்," என்றார். மெதுவாகச் சொன்னதாக அவர் நினைப்பு.

கார்முகிலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எட்டு வேணும்னா ஏலத்துல போயி எடுத்துக்கங்க," என்றான், சபை முழுக்கக் கேட்க.

கல்யாணம் நின்றுபோகவில்லை. மணப்பெண் காளீஸ்வரி நிற்க விடவில்லை. நின்றுபோனது ஒரு சொல்தான். அன்றிலிருந்து மாமனார் வீட்டு வாசலில் கார்முகில் போய் நின்றால், முத்துப்பாண்டி மகளைப் பார்த்து, "வந்திருக்காங்களா? சாப்பிடச் சொல்லு," என்பார். மாமியார் வீரலட்சுமி ஓடிவந்து "வாங்க, வாங்க" என்று நாலு தடவை சொல்வார். மாமியார் நாலு தடவை சொன்னாலும் மாமனார் சொல்லாதது சொல்லாததுதான்.

[வெளியூர் வாசகருக்கு: எங்கள் பக்கம் சோறு போடாதவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். 'வான்னு ஒரு வார்த்தை கேக்கல' என்பதற்குப் பங்காளிகள் ஒரு தலைமுறை பேசாமல் இருப்பார்கள்.]

4

இனி ரிசீவர். தளம் கேட்ட பகுதி இதுதான்.

ரிமோட்டில் எழுத்துகள் எறும்பு அளவு. பெட்டியின் மேல்பக்கம் சூடாகிறது, பூனைக்குப் பிடித்திருக்கிறது. பாட்டு சுமார். படத்தில் குண்டு வெடித்தால் பெட்டி தானே பயந்துபோய் ஒரு கணம் வாயடைத்துக்கொள்கிறது. ஆனால் வசனம் நல்ல தெளிவு, பக்கத்தில் நின்று பேசுவதுபோல.

வசனம்தான் முக்கியம். கார்முகில் அதற்காகத்தான் வாங்கினான். விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும்போது, இன்ஜின் சத்தத்தை மிஞ்சிப் பாட்டுப் போட்டுப் போட்டு அவன் காது பழகிவிட்டது. வீட்டில் டிவி பேசுவது அவனுக்குக் கொசு பேசுவதுபோல இருந்தது.

பெட்டியோடு ஸ்பீக்கர்கள் வந்தன. அதில் நீளமாக ஒன்று. அதன் வழியாகத்தான் வசனம் வரும். கார்முகில் யோசித்தான். ஜீப்பில் பாட்டு யாருக்கு? பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு. ஆகவே நல்ல ஸ்பீக்கர் எங்கே இருக்கும்? பின்னால். நீளமானதைக் கொண்டுபோய்ப் பின்பக்கம், வாசல் நிலைக்கு மேலே மாட்டினான்.

"என்னங்க, எல்லாரும் முதுகுப் பக்கமிருந்து பேசறாங்க," என்றாள் காளீஸ்வரி.

"அதுக்குப் பேருதான் ஹோம் தியேட்டரு. சுத்தி வரும்."

"சுத்தி வரலையே. பின்னாடி மட்டும்ல வருது."

"புதுசுல. பழகப் பழகச் சுத்தும்."

(இந்த இடத்தில் எனக்குக் கார்முகில்மீது சந்தேகம் வந்தது. இவ்வளவு வருடம் வண்டி ஓட்டுகிறவன், ஸ்பீக்கரில் எழுதியிருப்பதைப் பார்க்க மாட்டானா? கேட்டே விட்டேன். "ஜீப்புல எழுதிருக்கிறது மாதிரியா அப்பு எல்லாம் நடக்குது? ஒம்பது பேருன்னு எழுதிருக்கான்," என்றார். சந்தேகம் தீர்ந்தது.)

5

முத்துப்பாண்டி தோட்டத்து வரப்பில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டார். கடைக்குப் போக முடியாது. தரம் பார்க்க வீட்டில் மனைவியையும் டிவியையும் தவிர வேறு எதுவும் இல்லை. டிவியில் பேசுவது விளங்கவில்லை என்று டிவியைத் திட்டினார். மனைவியைத் திட்டவில்லை, அவருக்கும் பயம் உண்டு.

"உங்க பொட்டிய ராசிங்காபுரத்துக்குக் கொண்டுபோயி வைப்போமா? கொஞ்ச நாளைக்கு," என்றாள் காளீஸ்வரி.

கார்முகில் உடனே கயிறு எடுத்தான். மாமனாருக்குப் பொழுதுபோக வேண்டும் என்று அவளிடம் சொன்னான். அவன் மனசுக்குள் ஓடியது வேறு: இவ்வளவு தூரம் சுமந்துகொண்டு போனால் ஒரு "வாங்க" விழாதா?

விழவில்லை. "வந்திருக்காங்களா?" என்றார் முத்துப்பாண்டி, நாற்காலியில் சாய்ந்து, கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டியபடி. பெட்டியை மடியில் வாங்கிக் கனம் பார்த்தார்.

"என்னம்மா, சாவி மாதிரி இருக்கு." சாவி என்றால் உள்ளே மணி பிடிக்காத காய். "எத்தனை?"

"அஞ்சு புள்ளி ஒண்ணுப்பா."

"அஞ்சா? அஞ்சு எம்.எம். சல்லடையிலயே நிக்காதே. எவன் வாங்குவான்?"

"அது ஸ்பீக்கர் கணக்குப்பா. அஞ்சு ஸ்பீக்கரு. புள்ளிக்குப் பெறகு இருக்கிற ஒண்ணு, அந்தா, தொம்முனு அடிக்கிற பொட்டி."

"ஆக மொத்தம் ஆறு."

"ஆமா."

"ஆறை ஆறுன்னு சொல்றதுக்கு என்ன? அஞ்சுங்கிறான், புள்ளிங்கிறான். கலப்படச் சரக்கு. எங்க மாட்டப் போறாங்கன்னு கேளு."

கார்முகில் கைக்கெட்டும் தூரத்தில் வயரோடு நின்றுகொண்டிருந்தான்.

"வாசலுக்கு மேலன்னு சொல்லு," என்றான் மனைவியிடம். அப்படியே மாட்டினான்.

6

மாலையில் டிவியில் ஏதோ ஒரு குடும்பப் படம். வாசல் முத்துப்பாண்டிக்கு நேர் முதுகுக்குப் பின்னால். காலை நீட்டியிருப்பதால் அவரால் திரும்பிப் பார்க்க முடியாது. ஓரத்து ஸ்பீக்கர் ஒன்று கரகரத்தது. இன்னொரு வயர் எடுத்து வருகிறேன் என்று கார்முகில் ஜீப்புக்குப் போனான்.

படத்தில் ஒரு பெரியவர், நொடித்துப்போன அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். "உள்ள வரலாமா?" என்கிறார். குரல் வாசல் நிலைக்கு மேலிருந்து, கணீரென்று வந்தது.

அந்த நேரத்தில்தான் கார்முகில் படியேறி, செருப்பைக் கழற்றினான்.

"அட, வாங்க வாங்க. ஏன் வெளிய நிக்கறீங்க? உக்காருங்க," என்றார் முத்துப்பாண்டி, திரும்பாமலே.

அடுப்படியில் வீரலட்சுமி கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். காளீஸ்வரி புருஷனைப் பார்த்தாள். கார்முகில் வயரோடு உள்ளே வந்து, மாமனாருக்குப் பக்கத்து நாற்காலியில், நுனியில், பஸ்சில் அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறவன்போல உட்கார்ந்தான். முத்துப்பாண்டி பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார்.

அன்று கார்முகில் மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டான்.

7

இதையெல்லாம் கார்முகில் என்னிடம் சொன்னபோது, நான் மதிப்புரையைத் திருத்துவதற்காகப் பெட்டியோடு வந்த விளக்கக் காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். எந்த ஸ்பீக்கர் எங்கே என்று படம் போட்டே காட்டியிருந்தான்.

(நான் படித்த நாவல்களில் இந்த மாதிரி நேரத்தில் கதைசொல்லி காகிதத்தை நெருப்பில் போட்டுவிடுவான். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. அம்மா வைவார்.)

"அண்ணே, அந்த நீள ஸ்பீக்கருக்கு நடு ஸ்பீக்கருன்னு பேரு, டிவிக்குக் கீழ இருக்கணும்."

"கீழயா?"

"பேசறவங்க டிவிலதானண்ணே இருக்காங்க."

கார்முகில் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "அப்ப மாமா..."

"படத்துல வந்தவரைக் கூப்பிட்டிருக்கலாம்."

"நான் அந்நேரம் செருப்பக் கழத்தினேன் அப்பு. சத்தம் கேட்டிருக்கும்ல?"

"கேட்டிருக்கலாம்ணே."

"மாத்தாம அப்படியே விட்டா?"

"நெதமும் கூப்பிடுவாரு."

"யார?"

அவர் எழுந்து ஜீப் சாவியை எடுத்தார். "படத்துல வந்தவருக்குச் சொன்ன 'வாங்க'வ காசில்லாம எடுத்துக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன ஓசி சவாரியா," என்றார். மாவுக்கட்டைப் பார்க்க மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்த நேரத்தில், தனியாகப் போய், நீள ஸ்பீக்கரைக் கழற்றி டிவிக்குக் கீழே வைத்துவிட்டு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. வாசல் நிலைக்கு மேலே இப்போது ஆணி மட்டும்.

8

முடிவுகள்.

(அ) முத்துப்பாண்டி மருமகனின் கையைப் பிடித்து, "எட்டு எம்.எம்.," என்கிறார். (எழுதும்போதே எனக்குப் பல் கூசியது. அடித்துவிட்டேன்.)

(ஆ) கார்முகில் ஜீப்பை மூடுபனிக்குள் ஓட்டிச் செல்கிறான். பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. (எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஆனால் மறுநாள் காலை தோட்டத்துக்குப் போக ஜீப்புக்காகப் பெண்கள் காத்திருப்பார்கள். "எங்கடா போன?" என்று மூக்கம்மாள் ஒருத்தி கேட்டாலே இந்த முடிவு தாங்காது.)

(இ) முத்துப்பாண்டிக்கு அன்றைக்கே

(இல்லை. அவருக்குத் தெரிந்துதான் சொன்னார் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.)

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை. ராசிங்காபுரம். உள்ளே டிவி ஓடுகிறது. யாரோ யாருடனோ பேசுகிறார்கள். குரல் முன்னாலிருந்து, சரியான இடத்திலிருந்து வருகிறது. முத்துப்பாண்டியின் பின்தலை தெரிகிறது. கார்முகில் படியேறி வந்துவிட்டான். ஒரு செருப்பைக் கழற்றினான். இன்னொன்றைக் கொஞ்சம் சத்தமாகவே கழற்றினான்.

அந்தச் சொல்லை நான் எழுதிவிடலாம். மூன்றே எழுத்து, நடுவில் ஒரு புள்ளி. ஆனால் நான் எழுதினால் அது மாமனார் சொன்னதாகாது. தப்பான இடத்தில் மாட்டிய இன்னொரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். அதைத்தான் கார்முகில் கழற்றிவிட்டு வந்திருக்கிறார்.

ஆகவே நான் வெளியே போகிறேன். கார்முகில் வாசலில் நிற்கிறான். நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள்.