கஞ்சன் ஆட்டம்

என் மகள் அழுதால் எனக்குப் பயம். எல்லா அம்மாவுக்கும் அப்படித்தான் என்று சொல்ல வராதீர்கள். மற்ற அம்மாக்கள் பிள்ளை எதற்காக அழுகிறது என்று பயப்படுவார்கள். நான் அந்த அழுகைக்கே பயந்தவள்.

அவளுக்கு நான்கு வயது. வீட்டில் அவள் பெயர் வாண்டு. வைத்தது என் நாத்தனார். நடக்கப் பழகும் முன்பே தவழ்ந்துபோய்ச் சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டை மொத்தமாக உருட்டிவிட்டுச் சிரித்த காலத்தில் வைத்த பெயர் அது. அப்புறம் ஒரு காய்ச்சல் வந்தது. ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் வந்து போகிற காய்ச்சல்தான். இவளுக்கு வந்தது போகும்போது தவழ்வதையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு டாக்டர் எங்களை உட்கார வைத்துக் காரணம் சொன்னார். மைட்டோகாண்ட்ரியா என்ற சொல்லைப் பள்ளியில் பரீட்சைக்காக நெட்டுரு போட்டதோடு நான் மறந்திருந்தேன்.

"உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சின்னச் சின்ன அடுப்பு இருக்குன்னு வெச்சுக்குங்க. சாப்பாட்டை எரிச்சுத் தெம்பா மாத்தறது அதுதான். உங்க பொண்ணுக்கு அந்த அடுப்பு சரியா எரியல. இதைக் குணமாக்க மருந்து கிடையாது. ஆனா பாத்துக்கலாம். வயிறு காய விடாதீங்க. வாந்தி, காய்ச்சல்னா யோசிக்காம இங்க கொண்டுவந்துடுங்க, குளுகோஸ் ஏத்தணும். ரொம்பக் களைச்சுப்போக விடாதீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். காய்ச்சல் வருவதும் வராததும் என் கையில் இல்லை. அவளைக் களைக்கவிடாமல் பார்த்துக்கொள்வது என் கையில் இருந்தது.

ரத்தம் எடுக்கப் போன ஒரு நாள் அவள் விடாமல் வீறிட்டு அழுதாள். வீட்டுக்கு வந்து தோளிலிருந்து இறக்கினால் தலை நிற்கவில்லை. பிறந்த குழந்தைபோல ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. திரும்ப நிற்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. தலை விழுந்தது அழுததால்தானா, உள்ளே ஏற்கெனவே ஏதோ நடந்துகொண்டிருந்ததா என்று டாக்டராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் உறுதியாகச் சொன்னேன். அன்றிலிருந்து என் வீட்டில் அழுகைக்குத் தடை.

பிள்ளையிடம் தடை என்றால் என்ன புரியும்? அதனால் அதை ஒரு விளையாட்டாக்கினேன். அதற்குக் கஞ்சன் ஆட்டம் என்று பெயர். நாமெல்லாம் கஞ்சர்கள், நம்மிடம் இருக்கிற தெம்பை யாருக்கும் கொடுக்கமாட்டோம். கையை ஆட்டாமல் கண்ணாலேயே கேட்டால் நல்ல கஞ்சன். கூப்பிடாமல் நாக்கைச் சொடுக்கினால் பெரிய கஞ்சன். விழுந்தாலும் ஊசி குத்தினாலும் சத்தமே போடாதவள்தான் கஞ்சர்களுக்கெல்லாம் ராணி. "அழுதா என்ன ஆகும்?" என்று கேட்பேன். "தீந்துடும்" என்பாள். அவளுக்கு இந்த ஆட்டம் பிடித்துப்போயிற்று. ஓட முடியாத, ஏற முடியாத பிள்ளைக்குத் தான் ஜெயிக்கிற ஆட்டம் ஒன்றாவது இருந்ததே.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு வருகிறவருக்கு, வீட்டுக்கு வந்ததும் மகளைக் கிச்சுகிச்சு மூட்டிச் சிரிக்க வைக்க வேண்டும்.

"எம் பொண்ணு சிரிக்கறதுக்குக்கூட உங்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"லிஃப்ட் நின்னா என்னத்தையோ தட்டிக்கொட்டி ஓட்டிடறீங்க. இவ நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?"

அவர் எழுந்தார். தட்டை எடுத்துப்போய்க் கழுவி வைத்தார். வாயாடி ஜெயிப்பது எனக்குக் கைவந்த கலை. வீட்டிலிருந்தே ஒரு கூரியர் கம்பெனிக்கு வேலை செய்கிறேன். பார்சல் வரவில்லை என்று உலகத்தையே சபிக்கிறவர்களுக்குப் பதில் எழுதுவதுதான் என் பிழைப்பு.

அந்த வெள்ளிக்கிழமை நாத்தனாருக்கு விடுமுறை. பியூட்டி பார்லரில் வேலை செய்கிறவள், வாய் ஓயாது, வந்தால் வீடு கலகலவென்று இருக்கும். உள்ளே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். என் வீட்டில் வாசலிலேயே சளி இருக்கிறதா, தும்மல் உண்டா என்று விசாரணை நடத்தித்தான் ஆளை உள்ளே விடுவேன். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் அதற்குக் கோபித்துக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டார்கள். நல்லதாயிற்று, கிருமியும் குறைந்தது.

வாண்டு ஜன்னலோரம் தலையணைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அத்தையைப் பார்த்ததும் எப்போதும் புருவத்தைத் தூக்கிக் காட்டுவாள். அன்று அதைக்கூடச் செய்யவில்லை.

"என்னடி, அத்தைக்கு ஒரு புருவம்கூடத் தரமாட்டியா? என்ன அண்ணி, இன்னிக்கு கஞ்சத்தனம் தலைக்கேறிடுச்சா உங்க ராணிக்கு?"

"நல்ல மூடுல இருக்கா. காலையிலருந்து ஒரு சத்தம் இல்ல" என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

மேசைக்குப் போய் வேலையைத் தொடர்ந்தேன். நாத்தனார் அவளுக்கு நகம் வெட்டிவிட்டாள், தலை வாரிப் பின்னிவிட்டாள். பார்லருக்கு வந்த ஒரு கல்யாணப்பெண் புருவத்தைப் பறிகொடுத்த கதையை நடித்துக் காட்டினாள். நான் சிரித்தேன். வாண்டு சிரிக்கவில்லை. சேமிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஓரக்கண்ணால் பார்த்தேன், அசையாமல் இருந்தாள். அன்று எனக்கு நிறைய வேலை முடிந்தது. அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மதியம் பால் கொடுக்கும் நேரம். அவளுக்கு விழுங்கச் சிரமம் என்பதால் வயிற்றில் சிறிய துளை போட்டு, அதற்கு ஒரு மூடி வைத்திருக்கிறார்கள். அதில் குழாயை மாட்டி ஊசிக்குழல் வழியாகப் பாலை மெதுவாக இறக்குவேன். பாதி இறங்குவதற்குள் அவள் வாய் வழியாக அத்தனையும் வெளியே வந்தது. இருமவில்லை, முகம் சுளிக்கவில்லை. பால் தானாக வழிந்தது. நான் தாடையைத் துடைக்கக் கைவைத்தேன். உடம்பு சில்லென்று இருந்தது. மூச்சு மட்டும் வேகவேகமாக வந்துகொண்டிருந்தது.

"வாண்டு. அம்மாவைப் பாரு."

கண் பாதி மூடியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

"வயிறு வலிக்குதா? கஞ்சன் ஆட்டம் போதும்டா. அவுட்டு. ஆட்டம் முடிஞ்சுது."

ஒன்றும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து அவள் விளையாடிக்கொண்டிருந்தாளா, அல்லது காலையிலிருந்தே இப்படித்தானா? எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியவில்லை. அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டேன். நாத்தனார்தான் டாக்சியைக் கூப்பிட்டாள், அண்ணனுக்குப் போன் போட்டாள், செருப்பில்லாமல் படியிறங்கப் போன என் முன்னால் செருப்பைத் தள்ளிவிட்டாள்.

டாக்சியில் நாத்தனார் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வாய் மூடியதை நான் பார்த்ததே இல்லை. அது என்னை இன்னும் பயமுறுத்தியது. மடியில் கிடந்தவளின் மார்பில் கையை வைத்துக்கொண்டு, அது ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் டிரைவரை அடித்துவிடலாம்போல இருந்தது. அந்த மனிதர் என்ன செய்வார், பாவம்.

அவசரப் பிரிவில் இருந்தது ஓர் இளம்பெண் டாக்டர். நோயின் பெயரைச் சொன்னதுமே எழுந்துவிட்டார். எங்கள் டாக்டருக்குப் போன் போட்டார், பேசிக்கொண்டே குளுகோஸ் பாட்டிலை மாட்டச் சொன்னார். நர்ஸ் நரம்பு தேடினார். கையில் குத்தினார், கிடைக்கவில்லை. மறுகையில் குத்தினார். கணுக்காலில் குத்தினார். வாண்டு முனகக்கூட இல்லை. மூன்றாவது குத்துக்கு நர்ஸ் நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தார். வலி தெரிகிறதா என்று பார்க்க, டாக்டர் வாண்டுவின் விரல் நகத்தைப் பேனாவால் அழுத்தினார். கை லேசாக அசைந்த மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது.

"இவளுக்குத் தசை பலமே கம்மி. கையை இழுத்துக்கலங்கறதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "பொதுவா ஊசி போட்டா அழுவாளா?"

நான் வாண்டுவின் சட்டையை இழுத்துச் சரிசெய்தேன்.

"அம்மா, உங்களைத்தான் கேக்கறேன். வலிச்சா அழுவாளா மாட்டாளா?"

"மாட்டா" என்றேன். "அழக்கூடாதுன்னு பழக்கியிருக்கேன். தெம்பு தீந்துடும்னு."

அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குரலைத் தணித்து, வேகமாக விளக்கினார்.

"இவளுக்கு நினைவு இருக்கா இல்லையான்னு எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும். நினைவு தப்பியிருந்தா தொண்டையில குழாய் விட்டு மூச்சு மெஷின்ல போட்டுடணும், காத்திருக்க முடியாது. ஆனா இந்த மாதிரி பிள்ளைங்களுக்குப் போட்டா அதை எடுக்கறது ரொம்பக் கஷ்டம். சில பேருக்கு எடுக்கவே முடியாமப் போயிடுது. அதனால வேண்டாம்னா வேண்டாம். நீங்க கூப்பிட்டுப் பாருங்க. அழ வையுங்க."

நர்ஸ் அதற்குள் குழாயும் தொண்டைக்குள் பார்க்கிற விளக்குக் கருவியும் இருந்த தட்டைக் கட்டில் பக்கம் இழுத்து வைத்தார். உறை கிழிபடும் சத்தம் கேட்டது. என் கணவர் வேலை உடுப்போடு, கையெல்லாம் கிரீஸாக, வாசலில் வந்து நின்றார். உள்ளே வரப் பயந்து அங்கேயே நின்றுவிட்டார்.

நான் குனிந்தேன். அவள் காதருகே, "வாண்டு, அழுடா" என்றேன்.

அந்தச் சொல்லை அவளிடம் நான் சொன்னதே இல்லை. என் காதுக்கே அது யாரோ பேசியதுபோல இருந்தது.

"அழு. ஊசி வலிக்குதுல்ல? கத்து. அம்மா ஒண்ணும் சொல்லமாட்டேன்."

முகம் அப்படியே இருந்தது. நர்ஸ் மறுபடி ஊசியை ஏற்றினார். நான் அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த ஊசி அவளுக்கு வலிக்க வேண்டும், நன்றாக வலிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெற்ற பிள்ளைக்கு வலிக்கட்டும் என்று வேண்டுகிற இடத்துக்கு நான் வந்து சேர்ந்திருந்தேன்.

"நரம்பு கிடைச்சிடுச்சு" என்றார் நர்ஸ். குளுகோஸ் இறங்கத் தொடங்கியது. வாண்டு அழவில்லை.

டாக்டர் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டார். "தள்ளிக்குங்கம்மா."

"ஒரு நிமிஷம்" என்றேன். "ஒரே ஒரு நிமிஷம் குடுங்க." அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கையில் ஏதோ ஈரம் பட்டது. வழிந்த பாலின் மிச்சமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணின் ஓரத்திலிருந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது அது. பின்னிய தலைமுடி வரை நனைந்திருந்தது.

"டாக்டர், கண்ணுல தண்ணி."

"கண்ணு எரிஞ்சாலும் வரும்மா. அது போதாது."

அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நான் காதை வாயோடு வைத்தேன்.

"தீந்துடும்" என்றாள்.

"என்னடா?"

"அழுதா தீந்துடும்மா."

அத்தனை நேரமும் அவள் உள்ளேதான் இருந்திருக்கிறாள். குத்தக் குத்த ஒவ்வொன்றும் வலித்திருக்கிறது. சொல்லிக்கொடுத்ததை ஒன்றுவிடாமல் செய்துகொண்டு கிடந்திருக்கிறாள்.

"தீராது" என்றேன். "தீராதுடா கண்ணு. பாரு, பாட்டில் நிறைய தெம்பு வெச்சிருக்காங்க, உனக்குத்தான் ஏறுது. எவ்ளோ வேணா அழலாம். அம்மா சொல்றேன்ல."

அந்தப் பாட்டில் எவ்வளவுக்குக் காணும் என்று எனக்குத் தெரியாது. இந்த முறை தலை நிற்குமா, நின்றாலும் எத்தனை மாதம் கழித்து நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தமாதிரி சொன்னேன்.

முதலில் ஒரு கீச்சுக் குரல் வந்தது. பூனைக்குட்டியைவிடச் சின்னதாக. அப்புறம் வாய் கோணி, முகம் சிவந்து, உடம்பே குலுங்க அழுதாள். வாசலில் நின்ற என் கணவர் முகத்தைச் சுவரோடு வைத்துக்கொண்டார். நாத்தனார் அவர் முதுகைத் தடவினாள். டாக்டர் கையுறையைக் கழற்றி, "நல்லா அழறா. குழாய் இப்ப வேண்டாம். சர்க்கரை ஏறட்டும், பக்கத்துலயே இருந்து பாத்துக்கறேன்" என்றார். நர்ஸ் தட்டை அந்தப் பக்கம் தள்ளினார்.

எனக்குப் பயம் போகவில்லை. ஒவ்வொரு விம்மலுக்கும் அவளிடமிருந்து என்ன போகிறது என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டுதான் நின்றேன். பழக்கம் விடுமா? போதும் என்ற சொல் தொண்டை வரை வந்து நின்றது.

அவள் அழுதுகொண்டே கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். எப்போது நிறுத்தவேண்டும் என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

நான் சொல்லவில்லை.