ராஜலிங்கம் ஆட்டிய விரல்

வெளியூர்க் கல்யாணம் என்றாலே சூசைமுத்துவுக்குப் பிடிக்காது. வெளியூர்க்காரன் சொல்கிற எதையும் அவர் நம்புவதில்லை. வேன் அனுப்புகிறோம் என்பான், மரக்கறி லொறி வரும். அதோடு, யுத்தம் நடந்த அந்த வருஷங்களில் காலையில் போன ரோட்டு மாலையில் திறந்திருக்கும் என்று எவனாலும் சத்தியம் பண்ண முடியாது.

கண்டியிலிருந்து அவருடைய பேண்ட் கோஷ்டி பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தது மாப்பிள்ளை அழைப்புக்குத்தான். பஸ் நிற்கிற இடத்திலிருந்து மாரியம்மன் கோயில் வரை ஊதிக்கொண்டு நடக்க வேண்டும். அவ்வளவுதான் பேச்சு. சூசைமுத்து ட்ரம்பெட், மஹ்மூத் ட்ரம், சிறிபால அக்கோடியன். சிறிபால சுமாராகத்தான் வாசிப்பான். ஆனால் செக்பொயின்ட்டில் அவன் சிங்களத்தில் வாயைத் திறந்தால்தான் வேன் நகரும். அதற்காகவே அவனை வைத்திருந்தார்.

மாப்பிள்ளையைக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பினால், பெண்ணின் அம்மா வீரம்மா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அண்ணே, போயிறாதீங்க. மாத்தளையில இருந்து வர்ற மேளக்காரங்கள வழியில ஆமிக்காரங்க மறிச்சு வச்சிருக்காங்களாம். நாயனத்த உறையோட பாத்துட்டு துவக்குன்னு நெனச்சிட்டாங்களாம். பஸ்ஸுல வந்தவங்க சொல்றாங்க."

"ஊதிக் காட்ட வேண்டியதுதானே?"

"ஊதிக் காட்டுனாங்களாம். அது புடிச்சுப் போயி, இன்னும் ஊதச் சொல்லிக்கிட்டு இருக்காங்களாம். தாலி கட்டுறப்ப நீங்களே கெட்டிமேளம் போட்டுருங்கண்ணே."

"நான் வேதக்காரன். ட்ரம் அடிக்கிறவன் முஸ்லிம். மத்தவன் புத்தரக் கும்பிடப் பன்சலைக்குப் போறவன். எங்கள நம்பியா தாலி கட்டப் போறீங்க?"

"சத்தம் வந்தாப் போதும்ண்ணே. ஊரடங்கால ஏற்கெனவே ரெண்டு தடவ நின்ன கல்யாணம். இன்னைக்கும் நின்னா எம்புள்ளைய ராசியில்லாதவள்னு சொல்லி எவனும் ஏறெடுத்துப் பாக்கமாட்டான்."

சூசைமுத்து மணவறைப் பக்கம் பார்த்தார். அந்தப் பெண் அலங்காரத்தோடு உட்கார்ந்து பெருவிரல் நகத்தை விடாமல் கடித்துக்கொண்டிருந்தது. கடிக்க இனி நகமே இல்லை. சரி என்றுவிட்டார்.

மஹ்மூதைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். "தாலி கட்டுற நேரத்துல தும்மல், அழுக, கெட்ட வார்த்த, ஒண்ணும் காதுல விழக்கூடாது. அத அமுக்கத்தான் மேளம். மணவறைக்குப் பக்கத்துல பெரியாள் ஒருத்தர் சுட்டு விரலத் தூக்கி ஆட்டுவாரு. ஆட்டுனா அடி. கைய எறக்குற வரைக்கும் நிறுத்தாத."

"பெரியாள் எண்டு எனக்கு எப்பிடி வெளங்கும்?"

"மீச பெருசா இருக்கும்."

அங்கே பெரிய மீசை ஒன்றுதான் இருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன், லொறி டிரைவர் ராஜலிங்கம். வந்ததிலிருந்து சுண்டின முகம். பெண் வீட்டாரின் தேத்தண்ணியில் சீனி காணாது, பாயில் ஓட்டை என்று குறை தேடிக்கொண்டிருந்தவர் சூசைமுத்துவை உற்றுப் பார்த்தார்.

"டேய், போன மாசம் கண்டியில எங்க மொதலாளியோட சவப்பொட்டிக்கு முன்னால ஊதுனவன்தானே நீ?"

இல்லை என்றிருக்கலாம். சூசைமுத்து "ஆமா" என்றார்.

அவ்வளவுதான். "சாவு பேண்ட வச்சா தாலி கட்டப் போறீங்க? மேளக்காரன் வரட்டும். வரலேன்னா மாப்பிளைய எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்!" என்று ராஜலிங்கம் குதித்தார். நாலு பேர் பிடித்து உட்காரவைத்தார்கள்.

நல்ல நேரம் முடியப் போகிறது என்று பூசாரி அவசரப்பட்டார். தாலித் தட்டு எல்லார் கையிலும் பட்டுத் திரும்பி வந்தது. பூசாரி தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். மாப்பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு மாமன் முகத்தைப் பார்த்தான்.

மாமன் எழுந்தார். மணவறைக்குப் பக்கத்தில் போனார். வீரம்மாவுக்கு நேரே சுட்டு விரலைத் தூக்கி ஆட்டி, "இந்தக் கல்யாணம்..." என்று தொடங்கினார்.

மஹ்மூத் அடித்தான்.

சிறிபாலவும் அக்கோடியனை இழுத்துவிட்டான். ட்ரம்பெட்டைக் கீழே பிடித்தபடி நின்றவர் சூசைமுத்து மட்டும்தான். இது சைகை இல்லை, சண்டை என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு கையைத் தூக்கினால் மஹ்மூத் நிறுத்திவிடுவான். அந்தப் பெண் நகத்தை விட்டுவிட்டு இவரையே பார்த்தது. சூசைமுத்து ட்ரம்பெட்டை வாயில் வைத்து, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினார்.

ராஜலிங்கம் நிறுத்தச் சொல்லி இன்னும் வேகமாக விரலை ஆட்டினார். மஹ்மூத் இன்னும் வேகமாக அடித்தான். அரிசியும் பூவுமாகக் காத்திருந்த சனம் அள்ளி எறிந்தது. மேளச் சத்தம் கேட்டதும் மாப்பிள்ளையின் கை தன்பாட்டில் முடிச்சைப் போட்டது. ராஜலிங்கம் கத்தத் திறந்த வாயில் பாதி அரிசி போய் விழுந்தது. அவர் இருமியதுகூட ஒருவருக்கும் கேட்கவில்லை. முகத்தைத் துடைக்கக் கையை இறக்கினார். சொன்னபடியே மஹ்மூத் நிறுத்தினான்.

ராஜலிங்கம் நேரே அவனிடம் வந்தார். "எவன்டா ஒன்ன அடிக்கச் சொன்னது?"

"நீங்கதானே விரல ஆட்டின? நான் அடிக்கிற காணாது எண்டு பொறகு இன்னம் வெரசா ஆட்டினீங்க!"

அடி விழும் என்று சூசைமுத்து முதல் வேலையாக ட்ரம்பெட்டைப் பைக்குள் வைத்தார். விழவில்லை. அதற்குள் வீரம்மா ஓடிவந்து ராஜலிங்கத்தின் காலில் விழுந்துவிட்டாள்.

"எம்புள்ள வாழ்க்கைக்கு நீங்களே கை காட்டி நடத்தி வச்சிட்டீங்கண்ணே!"

நிஜமாகத்தான் சொன்னாளா, தெரிந்துகொண்டே சொன்னாளா என்று சூசைமுத்துவால் கண்டுபிடிக்க முடியவில்லை. தாய்மாமன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றது சனம். மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து அதே காலில் விழுந்தார்கள். குனிந்த தலைகளை ராஜலிங்கம் பார்த்தார். வாயில் மிச்சமிருந்த அரிசியை மென்று விழுங்கினார்.

"பின்ன? நல்ல நேரம் போகுதுல்ல? நாந்தான் பாத்து ஆட்டுனேன்."

பந்தியில் அவரே பாயாச வாளியோடு வந்து மஹ்மூதுக்கு ரெண்டாம் தரம் ஊற்றினார். "நல்லாத்தான் அடிச்ச தம்பி. ஆனா நான் மொதத்தடவ ஆட்டுனப்ப கொஞ்சம் பிந்திட்ட."

"நானா பிந்தின..." என்று மஹ்மூத் வாயைத் திறந்தான். சூசைமுத்து தன் இலையிலிருந்த வடையை எடுத்து அவன் வாயில் திணித்தார்.