அறுபத்திரண்டாவது கம்ப்யூட்டர்

அந்த அலுவலகத்தில் மொத்தம் அறுபத்திரண்டு கம்ப்யூட்டர். அவற்றைப் பராமரிக்கும் வேலை அவளுடையது; அறுபத்தொன்றுக்கு அப்டேட் போட்டு முடித்துவிட்டாள். மிச்சம் ஒன்று, மேனேஜருடையது. முதலாளியம்மாவின் தம்பி என்ற ஒரே தகுதியில் நாற்காலி பிடித்த அந்த மனிதருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் சிங்கம். கர்ஜனை மட்டும்தான் அவருடையது. இரையை மற்றவர்கள் பிடித்துத் தர வேண்டும்.

அரைமணி நேரம் யாரும் தொடாமல் இருந்தால் அப்டேட் தானாக ஏறும்படி அவள் அமைத்திருந்தாள். மற்றதெல்லாம் சாப்பாட்டு வேளையில் சமர்த்தாக முடித்துக்கொண்டன. சிங்கத்தினுடையது மட்டும் மூன்று வாரமாக, ஞாயிற்றுக்கிழமை உட்பட, ‘பயன்பாட்டில் உள்ளது’ என்றே காட்டியது. அடேயப்பா, என்ன உழைப்பு! மதியமானால் அந்த அறையிலிருந்து வரும் குறட்டை மாடிப்படி வரை கேட்கும்.

நேரில் போய்க் கேட்டாள். “நான் பிஸியா இருக்கேன். என் கம்ப்யூட்டர்ல எவளும் கை வைக்கக் கூடாது” என்று கதவைச் சாத்தினார். அத்தோடு விட்டாரா? அவளுக்கு வேலையே தெரியவில்லை என்று முதலாளியிடம் வத்தி வைத்தார்.

முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “நாலு மணிக்குள்ள அறுபத்திரெண்டும் முடியணும். இல்லேன்னா நாளையிலேருந்து நீ வர வேணாம்மா.”

வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

இரண்டு மணிக்குச் சிங்கம் வெளியே கிளம்பியது. பெருக்குகிற அக்கா அறையைத் திறக்க, இவளும் கூடவே நுழைந்தாள். நாற்காலி காலி. திரையில் அம்புக்குறி மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. மவுஸைத் தூக்கினாள். அடியில் ஒரு கைக்கடிகாரம். நொடிமுள் ஓட ஓட, யாரோ அசைப்பதாக மவுஸுக்கு நினைப்பு.

“அட கர்மமே!”

“தெனமும் அத வச்சிட்டுத்தான் போவாரு. தொட்டா திட்டுவாரு” என்றார் அக்கா.

அவள் தொட்டாள். எடுத்துக்கொண்டு போனாள்.

நான்கு மணிக்கு முதலாளி அறையில் சிங்கம் முந்திக்கொண்டது. “நான் சீட்ட விட்டு எந்திரிச்சாத்தானே அத்தான் அப்டேட் ஆகும்? ஓயாம வேல செய்யறது என் தப்பா?”

“சார் கம்ப்யூட்டரும் மூணேகாலுக்கு முடிஞ்சிருச்சு” என்றாள் அவள். கடிகாரத்தை மேஜையில் வைத்தாள். “மவுஸுக்கு அடியில இது இருந்துச்சு. இதுதான் ராப்பகலா மவுஸ ஆட்டிக்கிட்டு இருந்திருக்கு. எடுத்ததும் தானா ஏறிருச்சு.”

முதலாளி அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ‘சிறந்த உழைப்பாளிக்கு’ என்று பொறித்திருந்தது. போன ஆண்டுவிழாவில் அவரே தம் கையால் மைத்துனருக்குக் கட்டிவிட்டது.

சிங்கம் சட்டைக் கையை இழுத்து வெறும் மணிக்கட்டை மறைத்தது.

“இதுதான் உழைக்குது மாப்ள” என்றார் முதலாளி. “நாளையிலேருந்து இது மட்டும் ஆபீஸுக்கு வந்தா போதும்.”