படிவத்தில் இல்லாத கட்டம்

காலை எட்டரைக்கு வானிலை நிலையத்து மாடியில் ஏறி, கருவிகளைப் பார்த்துப் படிவத்தை நிரப்புவது அவள் வேலை. அன்று காற்றழுத்தம் வழக்கத்தைவிடக் கூடி ஆயிரத்துப் பதினெட்டு மில்லிபாரைத் தாண்டியிருந்தது. நான்கு நாளாக இறங்கவே இல்லை. வானம் என்ற கட்டத்தில் ‘தெளிவு’ என்று எழுதினாள். காற்று என்ற கட்டத்தில் ‘அமைதி’ என்று எழுதினாள்.

எழுதும்போதே அது கண்ணில் பட்டது. ஆலைகளின் புகை மேலே போக மனமில்லாததுபோல் கூரைகளின் மேல் பழுப்பாகப் படுத்துக் கிடந்தது. அழுத்தம் கூடினால் மேலே இருக்கும் காற்று இறங்கி மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். கீழே இருக்கும் புகைக்குப் போக்கிடம் இருக்காது. அவளுக்குத் தெரியாததா? ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அக்காவின் கணவருக்கு ஆஸ்துமா. அதனால் அக்கா தினமும் போன் செய்து கேட்பாள்.

“இன்னிக்கு எப்படிடி?”

“வானம் தெளிவு. காற்று அமைதி.” படிவத்தைப் பார்த்தே படித்தாள்.

போனில் அக்காவுக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது. “வானிலைக்காரியே சொல்லியாச்சு. நடந்தே கடைக்குப் போறேன். அந்த ஊதுகுழல் வீட்லயே கிடக்கட்டும்.” இன்ஹேலருக்கு அவர் வைத்த பெயர் அது.

பத்தரை மணிக்கு அவரைச் சாலையோரத்திலிருந்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மாலையில் அவள் போனபோது முகத்தில் ஆக்ஸிஜன் மூடியோடு படுத்திருந்தார்.

“அலட்சியம் இவருக்குத்தான்,” என்றாள் அக்கா. “நீ சரியாத்தான் சொன்னே. வானத்துல ஒரு மேகம் இல்லியே.”

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதுதான் அவளை அரித்தது.

“அக்கா, காலைல புகையைப் பார்த்தேன். உங்கிட்ட சொல்லல.”

“ஏன்?”

“படிவத்துல கேக்கல.” சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அற்பமான பதில் என்று உறைத்தது.

அக்கா போர்வையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மாமா மூடியைச் சற்றே விலக்கினார்.

“கட்டம் போட்டவன் மூச்சு விடாத ஆளா இருப்பான்.”

யாரும் சிரிக்கவில்லை.

மறுநாளும் அழுத்தம் இறங்கவில்லை. இனி அக்கா கேட்கமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தாள். ஒன்பதுக்குப் போன் வந்தது.

“படிவத்தைக் கீழ வை. மாடிச் சுவர்கிட்டப் போய் நின்னு, என்ன தெரியுதோ அதைச் சொல்லு.”

கீழே வைத்தாள். எண்ணினாள்.

“மூணு புகைபோக்கிதான் தெரியுது. நேத்து அஞ்சும் தெரிஞ்சுது, அக்கா.”

“இங்க வார்டுல ஜன்னலைச் சாத்தச் சொல்றேன்,” என்றாள் அக்கா. உடனே போனை வைத்துவிடவில்லை.