கிண்ணத்தில் கலந்த தண்ணீர்

பிரசங்கம் முடியப்போகிற நேரத்தில்தான் கஞ்சியக்கா மூக்கைத் துடைக்கப் பைக்குள் கையை விட்டாள். கைக்கு வந்தது கைக்குட்டை இல்லை. ஒரு துணிக்கீற்று. துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, மடித்து வைத்தது. விரல் பட்டதுமே என்னவென்று தெரிந்துவிட்டது.

கறைத்தண்ணி பாட்டிலின் கழுத்தில் இருக்க வேண்டிய துணி அது.

ஆலயத்துப் பீடத் துணிகளை வெளுத்து விரிப்பது அவள் பொறுப்பு. அவள் கஞ்சி போட்ட துணி ஆள் பிடிக்காமலே நிற்கும். அதனால் வந்த பெயர்தான் கஞ்சியக்கா. சம்பளத்துக்குச் செய்த வேலையும் அதுதான், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். கொதிகலன் ஆவியில் வெந்து, ரத்தமும் சீழும் ஒட்டிய விரிப்புகளை அலசி, நாள் முழுக்க நின்ற காலோடு வீட்டுக்கு வந்து, அங்கேயும் துவைத்து வளர்த்த குடும்பம்.

கறைத்தண்ணியும் சலவைக்கூடத்துச் சரக்குதான். துருக்கறையை எடுக்கிற அமிலத்தூளைத் தண்ணீரில் கரைத்து வைப்பார்கள். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. அங்கே ஈரத்துணி பிழிகிற ஒருத்தி, வேலை மும்முரத்தில், குடிக்கிற தண்ணீர் என்று நினைத்து அதை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டாள். சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். மூத்திரம் நின்றுபோனது. அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள். அவளை மூடியிருந்த விரிப்பும் சலவைக்குத்தான் வந்தது. அதைத் துவைத்ததும் கஞ்சியக்காதான்.

இந்தச் சபையில் திருவிருந்துக் கிண்ணத்துத் திராட்சரசத்தோடு கொஞ்சம் தண்ணீர் கலப்பது வழக்கம். பீடத்தை ஒட்டிய சின்ன அறையில் முன்கூட்டியே கலந்து, துணி போட்டு மூடி, பீடத்தில் வைத்துவிட வேண்டும். புருஷன் இறந்த வருஷத்திலிருந்து அது அவள் கைவேலை. அறைச்சாவி அவள் இடுப்பில். அலமாரியில் பாட்டில் இரண்டு. ஒன்றில் கலக்கிற தண்ணீர், இன்னொன்றில் கறைத்தண்ணி. இரண்டுமே பழைய திராட்சரச பாட்டில்கள்தான். நல்ல பாட்டிலைத் தூக்கிப்போட அவளுக்கு மனசு வராது. வித்தியாசம் தெரியத்தான் கறைத்தண்ணி பாட்டிலின் கழுத்தில் துணி கட்டினாள். கண்ணுக்காகக் கட்டியது இல்லை, விரலுக்காகக் கட்டியது.

ஏனென்றால் கண் போய்விட்டிருந்தது. முழுக்க இல்லை. நேராகப் பார்க்கிற இடத்தில் ஒரு அழுக்கு. சுற்றிவர ஓரங்கள் தெரியும். எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்தால் முகம் இருக்காது, காது இருக்கும். இருட்டறையில் காதும் இருக்காது. கண் டாக்டர், உள்ளே படலம் தேய்ந்துவிட்டது, இனித் திரும்பாது, அடுத்த தடவை வீட்டு ஆட்களைக் கூட்டிவாங்கம்மா என்றார். அடுத்த தடவை அவள் போகவே இல்லை. நடையை வைத்தும் இருமலை வைத்தும் ஆட்களைத் தெரிந்துகொண்டாள். பாட்டுப் புத்தகத்தை ஏதோ ஒரு பக்கத்தில் திறந்துவைத்து மனப்பாடமாகப் பாடினாள். தினமும் ஒரே ஜெபம்: "ஆண்டவரே, கண்ணை எடுத்துக்கோங்க, சாவியை மட்டும் விட்டுடுங்க."

முந்தின நாள் அந்தத் துணிக்கீற்றில் பிசுபிசுவென்று அழுக்கு. அழுக்கை விரல் கண்டுபிடித்துவிட்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்தாள். காலையில் கட்டிவிடலாம் என்று பையில் போட்டுக்கொண்டு வந்தாள். வந்ததும் வராததுமாக, பீடத்துணியில் ஆணித்துரு பட்டிருக்கிறது என்று மணியடிப்பவர் சொன்னார். கறைத்தண்ணியை அதன் இடத்திலிருந்து சரியாகத்தான் எடுத்தாள். தேய்த்தாள், அலசினாள், பாட்டிலை மேசையில் வைத்தாள். தண்ணீர் பாட்டிலும் அதே மேசையில்தான் இருந்தது. அப்புறம் கிண்ணம். அப்புறம் ரசம். அப்புறம் தண்ணீர்.

எந்தத் தண்ணீர்?

"என்ன அத்தை, முகமெல்லாம் வேர்த்திருக்கு?" பக்கத்திலிருந்து மருமகள் காதோடு கேட்டாள். பார்சல் கிடங்கில் பெட்டி கட்டுகிறவள். எதையும் டம்மென்று வைத்துத்தான் பழக்கம். அவள் வந்த பிறகு வீட்டில் கைப்பிடியோடு ஒரு கோப்பைகூட மிஞ்சவில்லை.

"ஒண்ணுமில்ல. புழுக்கம்."

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம்!"

முன்வரிசையில் ரெண்டு தலைகள் திரும்பின. அவை யார் என்று அவளுக்குத் தெரியாது.

எழுந்துபோய் அந்த அறையில் இரண்டு பாட்டிலையும் நாக்கில் தொட்டுப் பார்க்கலாம். எது எந்தப் பாட்டில் என்று தெரியும். எதிலிருந்து ஊற்றினாள் என்று பாட்டில் சொல்லுமா? கண் இருந்தால் எது குறைந்திருக்கிறது என்று பார்க்கலாம். கண் இருந்தால் இந்த வம்பே இல்லை.

பாட்டு தொடங்கியது. எல்லோரும் எழுந்தார்கள். அவளும் எழுந்தாள், முன்னிருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு. வாய் பாடியது, மனசு வேறு எங்கோ மன்றாடியது. தண்ணியை ரசமா மாத்தினவர்தானே நீங்க? இதைத் தண்ணியா மாத்திடுங்க. உங்களுக்கு அது ஒரு வேலையா? நான் இத்தனை வருஷம் உங்க துணியைத் துவைச்சேனே.

கேட்டு முடித்ததும் கூசியது. மறைத்து வைத்ததை ஆண்டவரும் சேர்ந்து மறைக்க வேண்டும் என்றல்லவா கேட்கிறாள். பதில் வரவில்லை. பாட்டு முடிந்து, போதகர் பீடத்துக்குப் போகிற செருப்புச் சத்தம்தான் வந்தது. அவள் மகன் வயசுதான் அவருக்கு. அவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் ஆசீர்வதித்துச் சொன்ன வார்த்தைகளை அவள் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். இன்று ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

இங்கே வயசில் மூத்தவர்கள் முதலில் போய் முழங்கால் போடுவார்கள்; போதகர் கடைசியில்தான் எடுப்பார். எல்லோருக்கும் மூத்தவர், ஒரு காலத்தில் பார்த்த வேலையால் வெல்டர் என்றே பெயராகிப்போன கிழவர். அடுத்தது கஞ்சியக்கா. நடைபாதையில் அவர் தடியை ஊன்றி நகர்ந்தபோது அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே, இன்னிக்கு நான் முதல்ல போறேன்."

"ஏன், மேல சீட்டுப் பிடிச்சு வச்சிருக்கியா?"

"விளையாடாதீங்க. விடுங்கண்ணே."

"முடியாது தங்கச்சி. பல்லு போச்சு, முட்டி போச்சு, ராத்திரித் தூக்கம் போச்சு. மூத்தவன்கிற மரியாதை ஒண்ணுதான் மிச்சம். அதையும் புடுங்கப் பாக்குறியே."

சொல்லிவிட்டு, மூச்சு வாங்க, பீடத்துக்கு முன்னால் இருக்கிற மரக்கிராதியைப் பிடித்துக்கொண்டு முழங்கால் போட்டார். எலும்புச் சத்தம் கேட்டது. அவளும் பக்கத்தில் இறங்கினாள்.

முதலில் போய்த் தானே குடித்துவிடலாம் என்பதுதான் அவள் கணக்கு. நல்ல ரசமாக இருந்தால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். கெட்டதாக இருந்தால் அவளோடு போகட்டும். அந்த நினைப்பில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அந்த நிம்மதிதான் அவளை உலுக்கியது. சாவதற்கு மனசு தயாராக இருக்கிறது, வாயைத் திறந்து கண் தெரியவில்லை என்று சொல்வதற்கு மட்டும் தயாராக இல்லை. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து வளர்த்த விசுவாசம் ஒரு சாவியில் வந்து தொங்குகிறதே என்று நினைத்தாள். தான் பயந்தது விஷத்துக்கு மட்டும் இல்லை. சாவி போனால் தான் யார்? வீட்டுமூலையில் நாற்காலியில் உட்கார்த்திவைத்து, வேளைக்கு வேளை வாயில் ஊட்டுகிற ஒரு கிழவி. அப்போது ஆண்டவருக்கு அவள் எதற்கு?

அப்பம் வந்தது. உள்ளங்கையில் விழுந்ததை வாயில் போட்டாள். நாக்கில் ஒட்டிக்கொண்டது, உள்ளே இறங்கவில்லை.

கிண்ணத்தின் மேல் கிடந்த துணியை எடுக்கிற மொடமொடப்பு கேட்டது. அவள் போட்ட கஞ்சி. போதகரின் அங்கி அவள் தோளை உரசிக்கொண்டு வெல்டரிடம் போனது. ஓரக்கண்ணில் பளபளவென்று ஒன்று இறங்கியது. வெல்டர் தாடையை உயர்த்தினார். எச்சில் விழுங்குகிற சத்தம்.

கஞ்சியக்கா தாவி அவர் வாயைப் பொத்தினாள்.

"ஏய்! என்ன பண்றே!" அவள் விரல்களுக்குள்ளேயே வெல்டர் கத்தினார். கிண்ணம் அவள் புறங்கையில் இடித்து, ரசம் மணிக்கட்டு வழியாக ஓடியது.

"குடுக்காதீங்க ஐயா. யாருக்கும் குடுக்காதீங்க."

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"கறைத்தண்ணி கலந்திருக்கு. கலந்திருக்கும். இல்லையோ என்னமோ. எனக்குத் தெரியல."

"தெரியலன்னா? நீங்கதானே கலந்தீங்க?"

"எனக்குக் கண்ணு தெரியல ஐயா."

மணிக்கட்டில் வழிந்த ரசத்தைப் புடவையில் துடைத்தாள், திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"எத்தனை நாளா?" போதகர் குரல் தணிந்திருந்தது.

"ரொம்ப நாளா."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கிளம்பியது. "போன மாசம் எம் புள்ளை குடிச்சானே! ரெண்டு நாள் வயித்தாலே போச்சே!"

"போன மாசம் துணி கட்டியிருந்துச்சு," கஞ்சியக்கா திரும்பாமல் சொன்னாள். யாருக்கும் அது புரியவில்லை.

"இந்த வயசுல வீட்ல உக்கார வேண்டியதுதானே. கோயிலை என்னமோ எழுதி வாங்கின மாதிரி," என்றது இன்னொரு குரல்.

"கொஞ்சம் சும்மா இருங்க!" இது மருமகள். அவள் ஓடிவந்து பின்னால் நிற்பது அந்தக் குரலில்தான் தெரிந்தது. "சொன்னாங்கல்ல? சொல்லாம விட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். கதவு அடித்துக்கொண்டது.

போதகர் கிண்ணத்தோடு பக்கத்து வாசல் வழியாக வெளியேறினார். மணியடிப்பவர் பாட்டில்களை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். ஊற்றுகிற சத்தம் கேட்டது, மண்ணில் விழுகிற சத்தம். அவள் முழங்காலிலேயே இருந்தாள்.

அவர்கள் திரும்பியதும் கேட்டாள். "எது குறைஞ்சிருந்துச்சு ஐயா? பாத்தீங்களா?"

"எதும்மா?"

"ரெண்டு பாட்டில்ல எது? நான் எதை ஊத்தினேன்?"

போதகர் மணியடிப்பவரைப் பார்த்திருக்க வேண்டும். "ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிட்டேனே," என்றார் மணியடிப்பவர். "பாத்துக் கொட்டணும்னு யாரும் சொல்லலையே."

இனி ஒருக்காலும் தெரியப்போவதில்லை. தான் சபையைக் காப்பாற்றினாளா, இல்லை வெறும் தண்ணீருக்காகத் தன்னைத் தானே கவிழ்த்துக்கொண்டாளா. வாய்க்குள் அப்பம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து நீட்டினாள். எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல் பொதுவாக நீட்டினாள். போதகர் வாங்கிக்கொண்டு, "புதுசாக் கலக்கணும். யாராவது..." என்றார். பெஞ்சுகள் முனகின.

"நான் கலக்குறேன்," என்றாள் மருமகள். "எவ்வளவு ஊத்தணும்னு மட்டும் யாராச்சும் சொல்லுங்க."

"ரசத்துல கொஞ்சூண்டு தண்ணி. கொஞ்சூண்டு," என்றாள் கஞ்சியக்கா. "குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடி. கிண்ணத்தை முதல்ல..."

"சரி அத்தை. நீங்க இருங்க."

அறைக்குள்ளிருந்து சத்தங்கள் வந்தன. குழாய் சீறியது. கண்ணாடி கல்லில் இடித்தது. என்னவோ விழுந்து உருண்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் தோள் தூக்கிப்போட்டது. கிண்ணத்தை எந்தத் துணியால் துடைக்கிறாளோ. தரையில் ஒரு டப்பாவில் அமிலத்தூள் இருக்கிறதே, அதன்மேல் கைபட்டிருக்குமோ. சொல்ல வாயெடுத்தாள். "தரையில டப்பா..." குழாய்ச் சத்தத்தில் அது அமுங்கிப்போனது.

வெல்டர் அவள் பக்கம் சாய்ந்தார். "எம் பொண்டாட்டி ஆயுசு பூரா பாத்தா, என் வாயைப் பொத்த முடியல. நீ ஒரே தாவுல பொத்திட்டே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்குப் பயமா இருக்குண்ணே."

"எனக்கும்தான்," என்றார் அவர். கேலி கொஞ்சமும் இல்லாத குரல். "நீ கலக்குனதுன்னு நெனச்சு இத்தனை நாளும் யோசிக்காமக் குடிச்சேன். இனிமே..." என்று நிறுத்திவிட்டார்.

போதகர் மறுபடி ஜெபித்தார். மறுபடி அங்கி உரசியது. பாதிப் பேர் பெஞ்சிலேயே இருந்துவிட்டார்கள் என்று கிராதியின் வெறுமையிலிருந்து தெரிந்தது. வெல்டர் குடித்தார். இருமினார். அவள் காது முழுக்க அந்த இருமலில் நின்றது. இருமல் அடங்கி, மூச்சு சரியாகி, அவர் 'ஆமென்' என்றார்.

அடுத்தது அவள்.

இத்தனை வருஷமும் அவள் குடித்தது தானே கழுவி, தானே கலந்த கிண்ணத்திலிருந்து. உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்தே குடித்தாள். அதைத்தான் நம்பிக்கை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது எதிரே கறுப்பாக ஒரு வட்டம், ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. கலந்தவளின் கையை அவள் ஒருநாளும் நம்பியதில்லை.

"அம்மா," என்றார் போதகர்.

கைகளைக் கிராதியில் இறுக்கிக்கொண்டாள். பயம் போகவில்லை. போகும் என்று காத்திருக்கவும் நேரமில்லை. ஆண்டவரே, என்று தொடங்கினாள், மேற்கொண்டு கேட்க எதுவும் வரவில்லை. வாயைத் திறந்தாள். குளிர்ந்த விளிம்பு உதட்டில் பட்டது.

தண்ணீர் ரொம்ப அதிகம். விழுங்கினாள்.