பூண்டிக்கு ஒன்பது பிரதிகள்

2007 ஜூன் மாதம் கொடைக்கானல் நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வந்த அன்றே அதைத் தூக்கிக்கொண்டு போகும் தேதியும் முடிவாகிவிட்டது.

"மூணு மாசம் ட்ரயல்," என்றாள் சௌம்யா. பன்னிரண்டு ஊர்களில் நூலகம் நடத்தும் ஓர் அறக்கட்டளையின் மேற்பார்வையாளர் அவள். வயது இருபத்தாறு. "பன்னிரண்டு நூலகத்துப் புத்தகமும் இந்த இன்டர்நெட் பக்கத்துல தெரியும். இங்க இல்லாததை 'வேண்டுகோள்' பட்டனை அழுத்திக் கேக்கலாம். செப்டம்பர்ல வருவேன். ஒழுங்கா பயன்படுத்தலேன்னா கம்ப்யூட்டர் பாலசமுத்திரம் கிளைக்குப் போயிரும்."

நூலகர் சிவராமன் எட்ட நின்றே அதைப் பார்த்தார். "எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு ஒரு வருஷம்தான் கெடக்கு. இந்தச் சோலி நமக்கு ஆகாது."

"நான் பழகுறேன் சார்," என்றாள் உதவியாளர் ஞானம்மா.

"நீயா? அடுப்புல பால் வச்சாலே மறந்துருவ!"

"பால மறப்பேன் சார். புத்தகம் கேட்டவங்கள மறந்திருக்கேனா?"

மேல்மலைக் கிராமங்களான பூண்டி, போளூர் விவசாயிகள் புத்தகம் வேண்டுமென்றால் ஒரு சீட்டு எழுதி பஸ் கண்டக்டர் மயில்சாமியிடம் கொடுப்பார்கள். மாலை பஸ்ஸில் புத்தகம் போகும். மயில்சாமி சட்டைப்பையில் பாதி சீட்டுகள் தொலைந்துவிடும், மீதி மழையில் கரையும். அதனால் புத்தகம் வரும்வரை தினமும் ஒரு சீட்டு எழுதிப் போடுவது மலைக்காரர்கள் வழக்கம். நூலகத்தில் இருப்பதோ பெரும்பாலும் நாவல்கள். விவசாயப் புத்தகம் கேட்ட சீட்டுகளில் எல்லாம் 'இல்லை' என்று எழுதி ஞானம்மா டிராயரில் போட்டுவிடுவாள். பதினோரு வருடத்தில் டிராயர் மூட முடியாத அளவுக்கு 'இல்லை' சேர்ந்திருந்தது. அதற்காகத்தான் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும்.

முதல் வாரம் மவுஸ் மேசையைத் தாண்டிக் கீழே விழுந்துகொண்டே இருந்தது. தினமும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால்தான் பக்கம் திறக்கும் என்பது மட்டும் அவளுக்கு உடனே பிடிபட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பன்னிரண்டு வயதில் வந்தவள் அவள். "தோட்டத்துல காலைப் பெரட்டுக்குப் போய் பேர் கொடுப்பாங்களே, அதேதான். பேர் கொடுக்காட்டி வேலை இல்ல," என்று சிவராமனுக்கு விளக்கினாள்.

தமிழில் தட்டச்சு செய்யப் பழக ஒரு மாதம் ஆனது. எந்த எழுத்து எந்தக் கட்டையில் என்று நாற்பது பக்க நோட்டில் எழுதி, சமைக்கும்போதும் மனப்பாடம் செய்தாள். ஆகஸ்டில் ஒரு விரலால் தட்டித் தேடத் தெரிந்துவிட்டது.

அப்போது பூண்டியிலிருந்து வீரம்மாளின் சீட்டு வந்தது. 'பூண்டுப் பயிர் நுனியில் மஞ்சளாகி வேர் அழுகுகிறது. புத்தகம் இருந்தால் அனுப்பவும்.'

ஞானம்மா தேடினாள். மலைப்பூண்டு சாகுபடியும் நோய்களும் பற்றி ஒரு புத்தகம், படத்தோடு திரையில் வந்து நின்றது. 'வேண்டுகோள்' பட்டனை அழுத்தினாள். 'பதிவானது' என்று வந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் புத்தகம் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். அதற்கும் மறுநாள் மறுபடி. சீட்டு தொலைந்தால் அடுத்த சீட்டு போடத்தானே வேண்டும்? ஒன்பது நாள் அழுத்தினாள். பத்தாம் நாள் மழையில் டெலிபோன் லைன் அறுந்தது. அது சரியான மறுநாள், செப்டம்பரின் கடைசி ஞாயிறு, சௌம்யாவின் ஜீப் வாசலில் நின்றது.

டிரைவர் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"இந்தப் பெட்டி எதுக்குன்னு தெரியுதாங்க?" என்றாள் சௌம்யா. "கம்ப்யூட்டரை வச்சு எடுத்துட்டுப் போக. அதுக்கு முன்னால உள்ள பாருங்க."

உள்ளே புத்தகங்கள். ஒன்பது. ஒன்பதும் ஒரே புத்தகம்.

"ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் ஒரு நூலகத்துக்குப் போகும். ஒன்பது நூலக அலமாரியைக் காலி பண்ணிட்டீங்க. மூணு மாசத்துல நீங்க கத்துக்கிட்டது இதுதானா?"

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் சிவராமன்.

ஞானம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் கண் புத்தக அட்டையிலேயே நின்றது. பூண்டுச் செடி, மஞ்சள் நுனி. சட்டென்று டிராயரை இழுத்தாள். சீட்டுகள் தரையில் கொட்டின. குனிந்து சரசரவென்று பொறுக்கினாள்.

"மேடம், ஒரு மணி நேரம் குடுங்க. பெட்டிய மூடாதீங்க."

"எங்க போறீங்க?"

"சந்தைக்கு!"

ஞாயிறு சந்தை. மேல்மலை மொத்தமும் அங்கேதான் இருக்கும். காரட் மூட்டைகளுக்கு நடுவே வீரம்மாள் நின்றிருந்தாள்.

"ஏக்கா ஞானம்மா, என்ன இப்படி மூச்சு வாங்குற? நரி கிரி தொரத்துதா?"

"உம் புத்தகம் வந்திருச்சு. திருமலைச்சாமி எங்க? போளூர் முருகம்மா எங்க? அவங்களும் பூண்டு நோய்க்குச் சீட்டு போட்டவங்க. வெரசா கூப்பிடு!"

"திருமலைச்சாமி போட்டது போன வருஷம்லக்கா!"

"போன வருஷம் 'இல்லை'ன்னேன். இப்ப இருக்கு."

ஒரு மணி நேரம் தேவைப்படவில்லை. நாற்பதாவது நிமிடம் ஞானம்மா திரும்பி வந்தாள். பின்னால் சேறு படிந்த கால்களோடு பத்துப் பேர். தலையில் மப்ளர், கையில் சந்தைப் பை. நூலகம் பூண்டு வாசம் அடித்தது.

ஒன்பது புத்தகமும் ஐந்து நிமிடத்தில் போயிற்று. திருமலைச்சாமி கையில் மட்டும் ஒன்றும் இல்லை.

"ஏம்மா, சந்தை யாவாரத்த விட்டுட்டு வந்தேன். எனக்கு மட்டும் இல்லையா?"

அந்த 'இல்லை' ஞானம்மாவைச் சுட்டது. நாற்காலியில் உட்கார்ந்தாள். மோடம் கிறீச்சிட்டது. பெயர் கொடுத்தாள், பாஸ்வேர்டு கொடுத்தாள். ஒற்றை விரல் கட்டைகளின்மேல் கோழி தீவனம் பொறுக்குவதுபோல் ஓடியது. பூண்டுப் புத்தகம் திரையில் வந்தது. இன்னும் இரண்டு பிரதிகள் பாக்கி.

பட்டனை அழுத்தினாள். ஒரே முறை. கையை மடியில் வைத்துக்கொண்டு சௌம்யாவைப் பார்த்தாள்.

"ஒரு தடவை போதும்தானே மேடம்?"

"போதும்," என்றாள் சௌம்யா. அவள் குரல் இறங்கியிருந்தது.

"அப்ப எனக்குக் காரட் புழுவுக்கு ஒண்ணு தேடு," என்றாள் முருகம்மாள். "எனக்குத் தேனீ வளக்க," என்றார் பின்னாலிருந்த ஒருவர். ஆளாளுக்குச் சீட்டு நீட்டினார்கள். ஒரு கட்டத்தில் கூட்டம் தாங்காமல் சௌம்யாவே ஸ்டூலை இழுத்துப் போட்டு, சீட்டுகளை வாசித்துக் காட்ட ஆரம்பித்தாள். ஞானம்மா தட்டினாள். மதியத்துக்குள் பதினேழு வேண்டுகோள்கள் போயிருந்தன.

"பதினோரு கிளை பார்த்துட்டேன்," என்றாள் சௌம்யா. "மூணு மாசம் சேத்தாலும் எங்கயும் இவ்வளவு வரல. கம்ப்யூட்டர் இங்கதான். ஆனா ஒண்ணு, நீங்க பாலசமுத்திரத்துக்கு வரணும்."

ஞானம்மா திடுக்கிட்டாள். "ட்ரான்ஸ்பரா மேடம்?"

"ரெண்டு நாள். அங்கயும் ஒரு கம்ப்யூட்டர் வரப்போகுது, அங்க உள்ளவங்களுக்குச் சொல்லிக் குடுக்க. ஜீப் அனுப்புறேன்."

சிவராமன் தொண்டையைக் கனைத்தார். இத்தனை நேரம் வரிசையின் கடைசியில் நின்றிருந்தார் அவர். கையில் ஒரு சீட்டு.

"ஞானம்மா… மூட்டு வலிக்கு ஏதாச்சும் புத்தகம் இருக்கான்னு பாரேன்."

"வரிசையில வாங்க சார்," என்றாள் அவள். கூட்டம் சிரித்தது. சிவராமனும் சிரித்தார்.

மாலை ஜீப் கிளம்பியபோது அட்டைப்பெட்டியும் பின் சீட்டில் ஏறியது. தூக்கிய டிரைவர் முனகினார். வீரம்மாள் அதில் கழுத்துவரை காரட்டை நிரப்பியிருந்தாள்.