சோயாப் பாலில் கரைத்தது

அடுப்பங்கரைக் கதவைக் காலால் சாத்திவிட்டு, ஹையான் கரண்டியின் முதுகால் மாத்திரையை நசுக்கிக்கொண்டிருந்தாள். சொந்த வீட்டில் திருடி மாதிரி நிற்க வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாக வந்தது. எல்லாம் யாருக்காக?

கல்லூரி நுழைவுத் தேர்வு நெருங்கினால் சீனாவின் ஹாங்ஜோ நகரத்தில் பிள்ளைகளைவிடத் தாய்மார்களுக்குத்தான் காய்ச்சல் ஏறும். மகள் ஷுயாவுக்கு மாதவிலக்கு சரியாகத் தேர்வன்றுதான் வரும். தள்ளிப்போட வாங்கி வந்த மாத்திரையை அவள் தொடக்கூட இல்லை.

"வந்தா வரட்டும். டாம்பான் வெச்சுக்கறேன். கிளாஸ்ல பாதிப் பேரு அதான்."

"கல்யாணம் ஆகாத பொண்ணு உள்ள வெக்கிற சாமானாடி அது?"

"ஏன், கல்யாணம் ஆனவங்க மட்டும்தான் பரீட்சை எழுதறாங்களா?"

அந்த வாய்க்குப் பயந்துதான் சோயாப் பால். அதைக் கேள்வி கேட்காமல் குடிப்பாள். தேர்வு வாசலில் மகளின் அதிர்ஷ்டத்துக்காக உடுத்தி நிற்கச் சிவப்புச் சீபாவ் கவுன் தைத்து வைத்திருப்பவள், ஒரு மாத்திரையையா விட்டுவிடுவாள்?

ஆனால் அன்றிலிருந்து பெண் புத்தகத்தின்மேலேயே தூங்கி வழிந்தாள். தலை சுற்றுகிறது என்றாள். ஹையான் மருந்துக்கடைக்காரியிடம் ஓடினாள்.

"சிலருக்கு அப்படித்தான் செய்யும்க்கா. ஆனா இப்ப நிறுத்தினீங்கன்னா ரெண்டு மூணு நாள்ல வந்துடும்."

ரெண்டு மூணு நாளில் தேர்வு. கொடுக்கவும் பயம், நிறுத்தவும் பயம். இரவெல்லாம் புரண்டவள், விடிந்ததும் பழக்க தோஷத்தில் கரண்டியை எடுத்துவிட்டாள்.

கதவு திறந்தது. ஹையான் சட்டென்று கரண்டியைப் பாலில் போட்டாள். ஷுயாவின் கண்கள் வீங்கியிருந்தன.

"தெரிஞ்ச கணக்கையே தப்பா போடறேம்மா. படிச்சது ஒண்ணும் நிக்கல. நீ ஊரெல்லாம் பெருமை பேசற. நான் வெறும் மக்கும்மா."

ஹையானால் தாங்க முடியவில்லை.

"நீ மக்கு இல்லடி. நான்தான்... பால்ல அந்த மாத்திரையைக் கலந்தேன்."

கத்துவாள் என்று நினைத்தாள். கத்தவில்லை.

"எப்பலேருந்து?"

"திங்கக்கிழமைலேருந்து. இப்ப நிறுத்தினா பரீட்சையன்னிக்கே..."

"நிறுத்து."

ஹையான் பாலைத் தொட்டியில் கொட்டினாள். அவசர அவசரமாகக் கஞ்சி காய்ச்சி, ஊறுகாய் நறுக்கி, எல்லாவற்றையும் மகள் முன்னால் பரப்பினாள்.

"இதுல ஒண்ணும் இல்ல. உன்மேல சத்தியம்."

ஷுயாவ் கஞ்சிக் கிண்ணத்தை மெல்ல ஒதுக்கினாள். தட்டிலிருந்து அவித்த முட்டை ஒன்றை எடுத்தாள். ஓட்டில் எங்காவது விரிசல் இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகுதான் உடைத்தாள்.